ரேடியோ லைன்

ஆடிக் காற்று மூன்று நாளாக ஓயவில்லை. தளிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவில் பள்ளத்தில் கிடக்கிற சின்னகெம்பத்தூருக்கு ஒரே ஒரு செல்போன் கோபுரம். காற்று கிளம்பிய முதல் நாளே அது படுத்துவிட்டது. பக்கத்து ஊர்க் கோபுரத்திலிருந்து ஒற்றைக் கோடு சிக்னல் வந்து போனது. அதில் பேசலாம், வேறொன்றும் திறக்காது. அதனால் அந்த மூன்று நாளும் ஊர் முழுக்க சிவராஜ் கொடுத்திருந்த இணைய இணைப்பை நம்பித்தான் இருந்தது. இணைப்பில் கோளாறு என்றால் கூப்பிட வேண்டிய போன், அவன் மனைவி சுகுணாவின் கையில் இருந்தது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அது அடிக்கத் தொடங்கியது. பத்தரைக்குள் ஒன்பது அழைப்பு. ஒன்பதும் காலனியிலிருந்து.

"மேடம், ஜோதிமணி பேசறன். மறுபடியும் போயிடுச்சுங்க."

"டப்பாவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

"நாலு வாட்டி பண்ணிட்டன். பச்சை லைட்டு எரியுது. ஒண்ணும் தெறக்க மாட்டேங்குது."

"தூரமா உக்காந்திருப்பீங்க. டப்பா பக்கத்துல வந்து பாருங்க."

"பக்கத்துலதான் மேடம் உக்காந்துக்கினு இருக்கறம். பன்னெண்டு பேரு. இடிச்சிக்கினு."

ஜோதிமணி ஓசூரில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் பொருத்துகிற ஒரு கம்பெனியில் லைன் லீடர். காலனியிலிருந்து அவளையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் விடியற்காலை வேனில் போய் வந்துகொண்டிருந்தார்கள். இன்றைக்கு அவர்களுக்குக் கம்பெனியே லீவு கொடுத்திருந்தது. பாதுகாப்புப் பயிற்சித் தேர்வை வீட்டிலிருந்தபடி போனில் எழுதி, மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாதவர் பெயர் அடுத்த மாத வேலை லைனில் இருக்காது. லைனில் பெயர் இல்லையென்றால் வேனிலும் இடமில்லை.

"பாக்கறன், ஜோதிமணி. பத்து நிமிசம்," என்றாள் சுகுணா. காலையிலிருந்து எல்லோருக்கும் அதே பத்து நிமிஷத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் உட்கார்ந்திருந்த அறை முன்பு உர மூட்டை போட்டு வைத்த அறை. இப்போதும் மழை ஈரத்தில் யூரியா வாடை எழும். ஒரு மேஜை, ஒரு பழைய கணினி, சுவரில் இரும்புப் பெட்டிக்குள் ஊர் முழுக்க இணையத்தைப் பிரித்துவிடுகிற ரவுட்டர். ஜன்னலுக்கு வெளியே களத்தில் மாமியார் சரோஜம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து பீன்ஸ் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். வளைந்ததும் முற்றியதும் ஒரு பக்கம், ராயக்கோட்டை மண்டிக்குப் போவது ஒரு பக்கம். காற்றில் பறந்த சாக்கு மேல் கல்லைத் தூக்கி வைத்தாள்.

"யாரு, காலனியா?" என்றாள், நிமிராமல்.

"ஆமாங்கத்தை. காலையில இருந்து வரல."

"ஊட்லதான் இருக்கறாளுங்களா இன்னிக்கு? பீன்ஸ் பறிக்க ஆள் இல்லாம நான் முட்டி வலியோட குந்திக்கினு இருக்கறன். ரெண்டு பேரு வந்து கை குடுத்தா ஆவாதா?"

"பரீட்சை எழுதறாங்க."

"பரீட்சை," என்று சரோஜம்மாள் ஒரு முற்றல் காயைத் தூக்கி எறிந்தாள். "கம்பெனி வேன் எப்ப ஊருக்குள்ள வந்துச்சோ, அப்பவே தோட்டம் போச்சு."

நடுவீட்டில் மாமனார் முனிசாமி டிவியில் கன்னடச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் இணையத்தில்தான் ஓடியது. தங்கு தடையின்றி ஓடியது. அதுதான் சுகுணாவை உறுத்தியது.

அவள் ஊத்தங்கரைப் பக்கம் சிங்காரப்பேட்டைக்காரி. கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க்கை ஷிப்ட் போட்டுக் கண்காணித்தவள். எங்கே அறுந்தது என்று தேடுவது அவளுக்குக் கை பழகிய வேலை. ஆனால் இந்த வீட்டில் அவளுக்குப் போனும் ரசீதும்தான். ரவுட்டர் சிவராஜின் கையில் இருந்தது. அவளுக்குக் கொடுத்திருந்த பாஸ்வேர்டில் சில பக்கங்களைப் பார்க்க முடியும், எதையும் மாற்ற முடியாது.

காற்றில் காலனிக்குப் போகிற கேபிள் அறுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ரவுட்டரிலிருந்து காலனி வீடுகளின் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். முப்பத்தெட்டு வீடும் பதில் சொன்னது. கேபிள் நன்றாக இருக்கிறது. அப்படியானால் அங்கிருந்து கிளம்புவது ரவுட்டர் வரைக்கும் வந்துவிடுகிறது. ஓசூரிலிருந்து ஊருக்கு இணையம் கொண்டுவருகிற ஃபைபரைச் சோதித்தாள். அதுவும் நன்றாக இருந்தது, மெயின்ரோட்டு வீடுகள் எல்லாம் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தன. வழிப்பட்டியலைத் திறந்தாள். எது வந்தாலும் ஃபைபருக்கு அனுப்பு என்று தெளிவாக எழுதியிருந்தது.

உள்ளே வருகிறது. வெளியே வாசல் திறந்திருக்கிறது. நடுவில் எங்கே போகிறது? பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள். அடுப்பில் களிக்கு உலை வைத்தது நினைவு வந்து ஓடினாள். உலை பாதி வற்றிக் கிடந்தது. ராகி மாவைக் கொட்டிக் கிளறும்போதும் கண் சுவர்க் கடிகாரத்தின் மேலேயே இருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு சிவராஜ் போனை எடுத்தான். பாகலூர்ப் பக்கம் புது லேஅவுட்டுக்கு லைன் இழுக்கப் போயிருந்தான். கம்பத்தின் மேலிருந்து பேசுகிறான் என்பது காற்றின் இரைச்சலில் தெரிந்தது.

"காலனி பூரா போயிடுச்சுங்க. காலையில இருந்து."

"மலை மேல ரேடியோ ஏதாவது ஆயிருக்கும். சாயந்திரம் வந்து பாக்கறன்."

"ரேடியோவா? அது ஃபைபர் போனா மாத்து லைன்தானே? அதுக்கும் காலனிக்கும் என்னாங்க சம்பந்தம்?"

கீழே யாரிடமோ கேபிளை இழுக்கச் சொல்லிக் கத்தினான்.

"ஏங்க?"

"நீ ஒண்ணும் தொடாத சுகுணா. நான் வந்து பாக்கறன்."

"அஞ்சு மணிக்குள்ள அவங்களுக்குப் பரீட்சை முடியணும். பன்னெண்டு பேருக்கு வேலை போவும்."

"கம்பத்து மேல இருக்கறன். அப்பறம் பேசறன்," என்று வைத்துவிட்டான்.

ரேடியோ என்று அவன் சொன்னது, வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் நிற்கிற வெள்ளைத் தட்டு. எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து மலையில் அதற்கு ஜோடியாக இன்னொரு தட்டு உண்டு. அங்கே மாதேஷ் என்பவனிடமிருந்து சிவராஜ் வாங்குகிற பழைய லைன் அது. ஃபைபர் வருவதற்கு முன் ஊருக்கே அதுதான் சோறு போட்டது. இப்போது சும்மா நிற்கிறது என்றுதான் சுகுணா நினைத்திருந்தாள்.

மதியம் ஒன்றரைக்கு ஜோதிமணி நேரிலேயே வந்துவிட்டாள். கூட அவள் அம்மா மாரம்மாவும், அருணா, மங்கம்மா என்று இரண்டு பெண்களும். நால்வரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். மாரம்மா இருபது வருஷம் முனிசாமியின் தோட்டத்தில் வேலை செய்தவள். அவள் மட்டும் கேட்டைத் திறந்து களத்து ஓரம் வரை வந்தாள்.

"வா மாரம்மா," என்றாள் சரோஜம்மாள். "கண்ணுலயே படறதில்ல."

"இருக்கறன் சாமி. இந்தப் புள்ளைங்களுக்குத்தான் ஏதோ பரீட்சையாம்."

சுகுணா வெளியே வந்தாள். ஜோதிமணிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கம்பெனி அடையாள அட்டை கழுத்திலேயே கிடந்தது. தேர்வுக்கு அதைக் கேமராவில் காட்ட வேண்டும்.

"பத்து நிமிசம்னு சொல்லி அஞ்சு மணி நேரம் ஆச்சுங்க மேடம்."

"தேடிக்கினுதான் இருக்கறன், ஜோதிமணி. ஒண்ணு பண்ணலாம். நீங்க எல்லாரும் இங்க வந்து எழுதுங்க. எங்க ஊட்ல நல்லா ஓடுது."

"எங்க உக்கார்றதுங்க?"

அது சாதாரணக் கேள்வி. கேட்டவளும் சாதாரணமாகத்தான் கேட்டாள். சுகுணா திரும்பி நடுவீட்டைப் பார்த்தாள். உள்ளே மின்விசிறிக்கு அடியில் முனிசாமி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சோபாவில் இரண்டு ஆள் இடம், தரையில் பத்து ஆள் இடம் காலியாக இருந்தது. சரோஜம்மாளின் கை பீன்ஸ் குவியலின் மேல் நின்றுவிட்டது.

"டிராக்டர் ஷெட்ல தார்ப்பாய் போட்டு உக்காரட்டும்," என்றாள் சரோஜம்மாள். உண்மையான அக்கறையோடுதான் சொன்னாள். "அங்க காத்து வராது. மோர் வேணா கலக்கித் தரச் சொல்றன்."

"ஷெட்லயே எழுதலாமேடி," என்றாள் மாரம்மா மகளிடம். "அம்மா சொல்றாங்க இல்ல."

ஜோதிமணி ஷெட்டைப் பார்க்கவில்லை. சுகுணாவைத்தான் பார்த்தாள்.

"எங்க ஊட்ல சேர் இருக்குது மேடம், ஃபேன் இருக்குது. உங்களுக்கு மாசம் தவறாம கட்டறம். அந்த லைனை சரி பண்ணிக் குடுங்க. அது போதும்."

"நேரம் போவுதேடி," என்று அருணா முணுமுணுத்தாள். அவளுக்குக் கைக்குழந்தை. மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த பதற்றம் முகத்தில் இருந்தது.

"போவட்டும். வாங்க," என்று ஜோதிமணி நடந்தாள். மாரம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மகள் பின்னால் போனாள். போகிற போக்கில் கேட்டைக் கொண்டி போட்டுச் சாத்தினாள்.

சுகுணா அறைக்குள் வந்து நின்றாள். காது சூடாக இருந்தது. ஒரு வார்த்தை, 'உள்ள வாங்க' என்று ஒரு வார்த்தை. மூன்று வருஷத்தில் இந்த வீட்டில் அது தன்னால் முடியாத வார்த்தையாக எப்போது ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை.

சிவராஜுக்கு மறுபடியும் போட்டாள். ஐந்தாவது தடவை எடுத்தான்.

"பாஸ்வேர்டு சொல்லுங்க. உங்களோடது."

"நான்தான் தொடாதன்னு..."

"நீங்க சொல்லலன்னா ரவுட்டரை அழிச்சிட்டு மொதல்ல இருந்து எழுதுவன். எனக்குத் தெரியும் அது. மெயின்ரோடும் சேந்து ஒரு மணி நேரம் நிக்கும். எது வேணும்?"

அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. அப்பாவின் டிராக்டர் நம்பரைச் சொன்னான். பிறகு, "பாத்துட்டு கோவப்படாத," என்றான்.

உள்ளே போனதும் அவள் நேராகப் 'பாலிசி' பக்கத்தைத் திறந்தாள். ரவுட்டர் வழிப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இந்தப் பக்கத்தைத்தான் பார்க்கும். இன்னாரிடமிருந்து வந்தால் பட்டியலைப் பார்க்காதே, இந்தப் பக்கம் தள்ளு என்று இங்கே எழுதி வைக்கலாம். எழுதியிருந்தால் பட்டியலில் என்ன இருந்தாலும் செல்லாது.

ஒரே ஒரு வரி இருந்தது. காலனியின் முப்பத்தெட்டு வீட்டு முகவரிகள். அவை எங்கே போக விரும்பினாலும் ரேடியோவுக்கு. பக்கத்தில் ஞாபகத்துக்கு சிவராஜ் எழுதிய குறிப்பு: 'காலனி ரேடியோ மட்டும்'. தேதி, இரண்டு வருஷத்துக்கு முந்தைய மாட்டுப் பொங்கல்.

அந்தப் பொங்கல் அவளுக்கு நினைவிருந்தது. காலனியில் கம்பெனிச் சம்பளம் வந்து வீட்டுக்கு வீடு இணைப்பு வாங்கிய வருஷம். 'சாயந்திரம் ஆனா அவனுங்க பசங்க எல்லாம் படம் போட்டுக்கினு எனக்கு நியூஸ் சுத்திக்கினே இருக்குது' என்று முனிசாமி சாப்பாட்டில் சொன்னார். மறுநாள் சரியாகிவிட்டது. எப்படிச் சரியானது என்று அவள் கேட்கவில்லை.

ரேடியோவைச் சோதித்தாள். மலை மேல் தட்டு உடனே பதில் சொன்னது. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. தட்டு பதில் சொல்வதால் லைன் உயிரோடு இருக்கிறது என்று ரவுட்டர் நம்பிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு வீட்டிலிருந்தும் வருவதை மலை வரைக்கும் கொண்டுபோய் வெறும் காற்றில் கொட்டிக்கொண்டிருந்தது.

அந்த வரியை அழித்தாள். ஜோதிமணியைக் கூப்பிட்டாள்.

"இப்ப பாருங்க."

"இருங்க... இல்லீங்க. சுத்துது."

"டப்பாவை ஒரு தடவை ஆஃப்..." என்று தொடங்கி நிறுத்தினாள். "வேண்டாம். லைன்லயே இருங்க."

இப்போது போவது ஃபைபருக்குத்தான் போகிறது. திரையில் எண்கள் ஓடுவது தெரிந்தது. ஆனால் எல்லாம் போகிற எண்கள், ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மணி இரண்டே முக்கால்.

வெளியே போகிற ஒவ்வொரு வீட்டு முகவரியையும் வாசலில் மாற்றி அனுப்ப வேண்டும். வீட்டு முகவரி உள்ளூருக்கு மட்டும் தெரிந்தது. ஊர் முகவரியாக மாற்றினால்தான் வெளியுலகிலிருந்து பதில் திரும்பி வரும். ஃபைபர் வாசலில் அந்த மாற்றம் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்தாள். மெயின்ரோட்டு வீடுகளுக்கு மட்டும் என்று இருந்தது. காலனி முகவரிக்கு அந்த வாசலில் மாற்றமே கிடையாது. தப்பித் தவறி அந்தப் பக்கம் போனாலும் பதில் வராது.

சுகுணா நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு இடத்தில் எழுதியிருந்தால் அவசரத்தில் எழுதியது என்று சொல்லலாம். இரண்டு இடத்தில் எழுத வேண்டுமென்றால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். தன் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற மனிதன், யாரிடமும் குரல் உயர்த்தாதவன், காலனிக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வருகிறவன், உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறான்.

"மேடம்? இருக்கீங்களா?"

"இருக்கறன்." காலனி முகவரிகளை அந்த வரியில் சேர்த்தாள். பழைய தொடர்புகளை எல்லாம் துண்டித்துவிட்டாள். "இப்ப."

மறுமுனையில் பெண்கள் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சல். "வந்துடுச்சு. ஏய் மங்கம்மா, அட்டையை எடு, அட்டையை எடு," என்று ஜோதிமணி கத்துவது கேட்டது. போனை வைக்காமலே போய்விட்டாள்.

மணி மூன்று ஐந்து.

ஐந்து மணிக்கு அவள் காலனிக்கு நடந்தாள். மூன்று வருஷத்தில் மெயின்ரோட்டிலிருந்து அந்தச் சரிவில் இறங்கியது அதுதான் முதல் தடவை. தூறல் விழுந்தது. எங்கோ கொத்தமல்லி அறுத்த வாசனை வந்தது. மாரம்மாவின் வீட்டு வாசலில் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு. உள்ளே கூட்டமாக நின்றவர்கள் வழிவிட்டார்கள். அருணா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். மங்கம்மா போனைக் கையில் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து பேரு முடிச்சிட்டம்," என்றாள் ஜோதிமணி. "கேமரா நல்லா இருக்கற போன் ஏழுதான். மொத ஏழு பேரு எழுதி முடிக்கவே நாலு பத்து. அப்பறம் அஞ்சு பேரு. மூணு பேரு அனுப்பிட்டாங்க. இவுங்க ரெண்டு பேருக்கும் அஞ்சாறு கேள்வி பாக்கி, மூடிக்கிச்சு."

"எனக்குப் படிக்க லேட்டாவும்," என்றாள் மங்கம்மா, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல.

சுகுணா உட்காருவதற்கு மாரம்மா முந்தானையால் ஒரு நாற்காலியைத் துடைத்தாள். சுகுணா தரையில் அருணாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜோதிமணிதான் பேசினாள்.

"எச்ஆர்ல லெட்டர் கேப்பாங்க. நெட்டு இல்லன்னு வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. உங்க பேரு போட்ட தாள்ல எழுதிக் குடுக்கறீங்களா?"

அவள் இதை எதிர்பார்த்துத்தான் தாளைப் பையில் வைத்திருந்தாள். சிவராஜின் பெயரும் நம்பரும் அச்சடித்த தாள். நாற்காலியின் மேல் வைத்து எழுதினாள். எழுதியதைப் படித்துக் காட்டினாள். 'எங்கள் பக்கத்துக் கோளாறால் இணைப்பு நின்றுபோனது. வாடிக்கையாளர்கள் மீது எந்தத் தவறும் இல்லை. மனம் வருந்துகிறோம்.'

"வருந்தறதெல்லாம் அவங்களுக்கு எதுக்குங்க? டைம் போடுங்க."

'காலை எட்டு மணி முதல் மதியம் மூன்று ஐந்து வரை' என்று சேர்த்தாள்.

ஜோதிமணி தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். "கோளாறுன்னா என்னாங்க? கேபிள் அறுந்துச்சா?"

"இல்ல. ஊருக்கு ரெண்டு லைன் இருக்குது. ஒண்ணு ஓசூர் ஃபைபர். இன்னொண்ணு மலை மேல ரேடியோ, பழசு. காலனி பூரா ரேடியோல போற மாதிரி எழுதி வெச்சிருந்துச்சு. அது நின்னுடுச்சு."

"மெயின்ரோடு?"

"ஃபைபர்."

ஜோதிமணி தாளிலிருந்து நிமிர்ந்தாள்.

"இன்னிக்கு மட்டுந்தானா?"

"ரெண்டு வருசமா."

மாரம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அதாண்டி, மழைன்னா நிக்கும், காத்துன்னா நிக்கும். எங்க டப்பாதான் மட்டம்னு ரெண்டு வாட்டி மாத்துனமே. நீங்கதானே சாமி மாத்தச் சொன்னீங்க."

"நான்தான் சொன்னன்," என்றாள் சுகுணா. "எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்." அது உண்மைதான். ஆனால் அந்த அறையில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

யாரும் அவளைத் திட்டவில்லை. மாரம்மா ஒரு தட்டில் வேகவைத்த மொச்சை கொண்டுவந்து வைத்தாள். சுகுணா மதியம் சாப்பிட்டிருக்கவில்லை. தட்டு காலியாகும்வரை தின்றாள். ஜோதிமணி தாளை நாலாக மடித்து அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

சிவராஜ் ஏழு மணிக்கு வந்தான். மழையில் நனைந்து, தோளில் கேபிள் சுருளோடு. கை கால் கழுவாமல் நேராக அறைக்கு வந்து திரையைப் பார்த்தான். சுகுணா கதவருகே நின்றாள்.

"காலனியையும் ஃபைபர்ல விட்டிருக்கற."

"ஆமா."

"நூத்து நாப்பது ஊடு. அதுல தாங்காது சுகுணா. சாயந்திரம் ஆனா எல்லாருக்குமே சுத்தும். யாராவது ரேடியோல போய்த்தான் ஆவணும். அதை நீ புரிஞ்சிக்கணும்."

"புரியுது. யாராவது போவணும். யாருன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

அவன் கேபிள் சுருளைத் தரையில் வைத்தான்.

"அப்பா தெனம் சொல்லிக்கினு இருந்தாரு. எனக்கும் எரிச்சல். காலனின்னா ஒரே பக்கமா இருக்குது, எழுதறதுக்கு ஒரு வரி. ஈஸியா இருந்துச்சு. அவ்ளோதான். வேற ஒண்ணும் மனசுல இல்ல."

"ஒரு வரி இல்லீங்க. ரெண்டு."

சிவராஜ் தலையைக் குனிந்துகொண்டான். காதில் மழைத்தண்ணீர் சொட்டியது. அவன்மேல் இரக்கம் வந்தது அவளுக்கு. அது அந்த நேரத்தில் பிடிக்கவில்லை.

"லெட்டர் குடுத்திருக்கறன். நம்ம பேரு போட்டு, நம்ம தப்புன்னு."

"எழுதிக் குடுத்துட்டியா?" நிமிர்ந்தான். "நாளைக்கு அந்தத் தாளை வெச்சிக்கினு ஊர் பூரா பேசுவாங்க. மெயின்ரோட்டுல நான் எப்படி நடக்கறது?"

"அருணாவுக்கும் மங்கம்மாவுக்கும் வேலை போவுது. நீங்க நடக்கறதைப் பத்திப் பேசறீங்க."

நடுவீட்டிலிருந்து முனிசாமியின் குரல் வந்தது. "சிவராஜு, டிவி நின்னு அரை மணி நேரம் ஆவுது. நீ வந்து பாரு."

சிவராஜ் திரையைப் பார்த்தான். பாலிசி பக்கத்தைத் திறந்தான். அங்கே இப்போதும் ஒரே ஒரு வரி இருந்தது. ஒரே ஒரு முகவரி, ரேடியோவுக்கு. அது அவர்கள் வீட்டு முகவரி.

"செத்துப் போன லைன்ல நம்ம ஊட்டைப் போட்டிருக்கற."

"யாராவது போவணும்னு நீங்கதானே சொன்னீங்க. லைனை சரி பண்ணுங்க, ஓடும்."

"அப்பாகிட்ட என்னான்னு சொல்றது?"

"நான் சொல்லிட்டன். ரேடியோ சரியாவற வரைக்கும் நம்ம ஊட்ல வராதுன்னு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ரிமோட்டை எறிஞ்சாரு."

சரோஜம்மாள் அன்று இரண்டு பேருக்கும் தானே களி உருட்டி வைத்தாள், குழம்பை ஊற்றினாள். முனிசாமி சாப்பிடவே வரவில்லை.

விடிந்தும் விடியாததுமாக சிவராஜ் பைக்கை எடுத்தான். ஏணியை மாதேஷ் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். தளி தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் போய் மலையடியில் வண்டியை விட்டு ஏற வேண்டும். அந்த மலையில் அவன் ஏறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவன் கிளம்பிய சத்தம் அடங்குவதற்குள் கம்பெனி வேன் காலனிச் சரிவிலிருந்து ஏறி வந்தது. சுகுணா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். வேன் ஜன்னலில் எல்லா முகமும் தெரிந்தது. அருணாவும் மங்கம்மாவும் கூட இருந்தார்கள். ஜோதிமணி லெட்டரோடு அழைத்துப் போகிறாள் போல.

எட்டரைக்கு சிவராஜ் மலையிலிருந்து கூப்பிட்டான். மூச்சு இரைத்தது. பின்னால் மாதேஷ் யாரையோ "பேகா பா, பேகா பா" என்று கன்னடத்தில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான்.

"கொரங்கு கேபிளைக் கடிச்சுப் போட்டிருக்குது. ஒரு எடத்துல இல்ல, நாலு எடத்துல. மூணு பழைய கடி, துருப் பிடிச்சுக் கெடக்குது. எப்படித்தான் இத்தன நாள் ஓடுச்சோ." கொஞ்சம் நிறுத்தினான். "புதுசா இழுத்துட்டன். பாரு வருதான்னு."

அவள் பார்த்தாள். மலைத் தட்டுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. நடுவீட்டில் டிவி தானாகப் பேச ஆரம்பித்தது.

"வந்துடுச்சு."

"சரி," என்றான். "எறங்கி வர்றன். வந்து உக்காந்து எழுதலாம், எந்த ஊட்டை எதுல போடறதுன்னு. நீயே பாத்துச் சொல்லு."

பதினோரு மணிக்கு ஜோதிமணியின் அழைப்பு வந்தது. மெஷின் இரைச்சலுக்கு நடுவில், சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால் ஒளிந்து பேசுகிறாள் என்று தெரிந்தது.

"லெட்டரை வாங்கிக்கினாங்க மேடம். சனிக்கெழமை ரெண்டு பேருக்கும் இங்கயே வெச்சு மறுபடியும் எழுத விடறாங்களாம்."

சுகுணா கண்ணை மூடித் திறந்தாள். "நல்லது ஜோதிமணி."

"எங்க ஊட்டு லைன் இன்னிக்கு எதுல போவுதுங்க?"

"ஃபைபர்ல."

"நாளைக்கு?"

"நேத்து மாதிரி இனிமே இருக்காது. ரேடியோவை சரி பண்ணியாச்சு. மெயின்ரோட்டுல பாதி, காலனில பாதி அதுல போவும். மறு வாரம் மாத்திடுவன், ஃபைபர்ல இருந்தவங்க ரேடியோவுக்கு. எல்லா ஊட்டுக்கும் அப்படித்தான். எங்க ஊட்டுக்கும்."

நன்றி சொல்வாள் என்று சுகுணா எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் காத்திருந்தாள்.

"எந்த வாரம் எந்த ஊடுன்னு எழுதிக் குடுங்க மேடம்," என்றாள் ஜோதிமணி. "எங்க கோயில் செவுத்துல ஒட்டிக்கறம்."

"குடுக்கறன்."

"உங்க செவுத்துலயும் ஒட்டுங்க," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

சுகுணா அச்சடித்த தாளில் இரண்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். வீட்டு எண்களை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினாள்.